வேலிக்கு உள்ளே பச்சை

ஏழாம் பிளாக்கில் ஆடு நுழைந்துவிட்டது என்று சூப்பர்வைசர் சோலைராஜ் போனில் சொன்னபோது, கோபாலசாமி தெற்கு வாசலில் தண்ணீர் லாரியை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். யாருடைய ஆடு என்று அவர் கேட்கவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு, பிரம்பை எடுத்துக்கொண்டு சரள் பாதையில் வேகமாக நடந்தார். இரண்டு பக்கமும் சோலார் பலகைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து நின்றன. வெயில் ஏறிவிட்டால் அவற்றின் பக்கம் கண்ணைத் திருப்ப முடியாது. கீழே பார்த்தபடியேதான் நடக்க வேண்டும். கீழே பார்த்தால் புல்.

அதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. சித்திரை மாதம். வேலிக்கு வெளியே எப்போதும்வென்றான் ஊருக்குப் போகும் ரோடு வரைக்கும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. உள்ளேயோ, பலகைகளில் தூசி படியக் கூடாது என்று லாரியில் தண்ணீர் கொண்டுவந்து கழுவுகிறார்கள். கழுவின தண்ணீர் பலகையின் கீழ்விளிம்பில் சொட்டிச் சொட்டி, ஒவ்வொரு வரிசைக்கு அடியிலும் கணுக்கால் உயரத்துக்கு அறுகும் கோரையும் தழைத்துக் கிடந்தன. சின்ன வயதிலிருந்து ஆட்டின் பின்னால் நடந்த மனிதர். பச்சையைக் கண்டால் இது எத்தனை ஆட்டுக்குக் காணும், எந்தப் பக்கமிருந்து மேயவிட வேண்டும் என்று மனசு தானாக ஓட ஆரம்பித்துவிடும். இந்த எட்டு மாதத்தில் அதை அடக்கப் பழகிக்கொள்ள அவரால் முடியவில்லை.

ஏழாம் பிளாக்கின் மேற்கு மூலையில் ஓர் ஓடை குறுக்கே போகிறது. ஓடைக்கு மேலாக வேலி போட்டு, அடியில் மழைத்தண்ணீர் போவதற்கு விட்ட சந்தில் கம்பிவலை கட்டியிருந்தார்கள். அந்த வலை துருப்பிடித்து ஒரு பக்கம் விலகியிருந்தது. அது விலகியிருப்பது கோபாலசாமிக்குத் தெரியும். தெரிந்தும் சோலைராஜிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

ஆடுகள் தலை தூக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. நெடுநெடுவென்று காலுயர்ந்த கொடியாடுகள். ஒரு கிடா பலகையின் விளிம்பில் முன்னங்கால்களை வைத்து ஏறி நின்றுகொண்டு, எட்டாத எதையோ பார்த்தது. முன்னால் நின்ற சிவப்புப் பெட்டைக்கு ஒரு கொம்பு முறிந்திருந்தது. வயிறு இறங்கியிருந்தது, இந்த மாதத்துக்குள் குட்டி போடும். அவருடைய ஆடுகள்தான்.

இப்போது பலகை நிற்கும் நிலம் பூராவும் ஒரு காலத்தில் விவசாயம் பார்த்த மூன்று நான்கு சம்சாரி வீடுகளுக்குச் சொந்தம். பாதிக்கு மேல் வன்னியபெருமாளுடையது. பாசியும் உளுந்தும் மக்காச்சோளமும் போட்டுப் பார்த்து, மழை இல்லாமல் ஒரு வருஷமும், மழை மிஞ்சி ஒரு வருஷமும், படைப்புழு விழுந்து ஒரு வருஷமும், காட்டுப்பன்றி புகுந்து ஒரு வருஷமுமாக அவர் சலித்துப்போனார். கம்பெனிக்காரர்கள் வந்து கேட்டதும் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, கோவில்பட்டியில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டார். அவரைக் குற்றம் சொல்ல கோபாலசாமியால் முடியவில்லை. ஆனால் அறுப்பு முடிந்த காட்டில்தான் கோபாலசாமியின் செம்மறிகள் மேயும். ராத்திரி மந்தையை அங்கேயே அடைத்துக் கிடை போட்டால் நிலத்துக்கு உரம், அவருக்கு அதில் ஒரு வருமானம். வேலி வந்ததும் இரண்டும் ஒரே நாளில் நின்றுபோயின. மந்தையை மேற்கே ஓட்டிப்போகலாம் என்றால் அங்கே காற்றாலைக்குப் போட்ட ரோடும் வேலியும். கடைசியில் செம்மறிகளை மொத்தமாக வியாபாரிக்குக் கொடுத்தார். மனைவி வெள்ளைத்தாய் பிடிவாதமாக நிறுத்திக்கொண்ட பன்னிரண்டு கொடியாடுகள் மட்டும் வீட்டில் மிஞ்சின.

வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லிவிட்டது வன்னியபெருமாள்தான். ‘என்னாலதான் ஒனக்குத் தொழில் கெட்டுச்சுன்னு இருக்கக் கூடாது பாரு’ என்றார். கோவில்பட்டியில் ஆள் எடுக்கும் ஏஜென்சியில், வீட்டில் ஆடுமாடு உண்டா என்று முதல் கேள்வியாகக் கேட்டார்கள். ஆடு வைத்திருப்பவனை இந்த வேலைக்கு வைக்க மாட்டார்களாம். எல்லாவற்றையும் விற்றுவிட்டேன் என்று கோபாலசாமி சொன்னார். மகள் பானு நர்சிங் சேர்ந்திருந்த நேரம் அது.

பைக் சத்தம் கேட்டது. அவர் பிரம்பைத் தரையில் தட்டி ஆடுகளை விரட்டப் பார்த்தார். அவருடைய குரல் கேட்டதும் கொம்பு முறிந்த பெட்டை தலையைத் தூக்கியது. நேராக அவரிடம் வந்து, காக்கிச் சட்டைப் பையில் மூக்கை வைத்துத் தேய்த்தது. அதன் பின்னால் மற்றவையும் புல்லை விட்டுவிட்டு வந்து அவரைச் சுற்றி நின்றுகொண்டன.

சோலைராஜ் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கினான். திண்டுக்கல் பக்கத்துப் பையன். இன்னும் முப்பது ஆகவில்லை. கெட்டவன் இல்லை. தனியாக அறை எடுத்துத் தங்கி, ஓட்டல் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, சென்னையிலிருந்து வரும் ஒவ்வொரு போனுக்கும் எழுந்து நின்று பேசுகிறவன்.

“யாரு ஆடுண்ணே இது?”

“தெரியல சார். மேக்க இருந்து வந்திருக்கும்.”

“உங்க பின்னாடியே சுத்துது?”

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். வாயோரத்தில் சிரிப்புக்கூட இருந்தது. ஆனால் கோபாலசாமி பெட்டையின் மூக்கைப் பையிலிருந்து விலக்கினார். ‘ச்சீ, போ’ என்று தள்ளினார். சிவப்புப் பெட்டை நகரவில்லை. மறுபடியும் சட்டைப் பைக்குள் மூக்கை விட்டது. அவர் பிரம்பை ஓங்கி அதன் முதுகில் ஓர் அடி வைத்தார். அது கத்தவில்லை. முதுகு நெளிந்து, பின்னங்கால் மடங்கி, பிறகு சமாளித்து நின்று அவரைப் பார்த்தது. இன்னும் ஓர் அடி வைத்தார். அதற்குப் பிறகுதான் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு ஓடின. மந்தை வைத்திருந்த காலத்தில் அவர் கையில் இருந்தது இதைவிடப் பெரிய கம்பு. அதை வைத்து மரத்திலிருந்து இலை உதிர்த்திருக்கிறார், முள்ளை விலக்கியிருக்கிறார். சினையாட்டின் முதுகில் வைத்ததில்லை.

மூன்றாம் வரிசையில் ஓர் ஒயரைக் கடித்திருந்தன. அந்த வரிசை முழுதும் கரண்ட் நின்றுவிட்டது என்று சோலைராஜுக்கு உடனே சென்னையிலிருந்து போன் வந்தது. கேமராவில் பார்த்திருப்பார்கள் போல. அவன் ‘யெஸ் சார், யெஸ் சார்’ என்று சொல்லிக்கொண்டே முகம் வெளுத்தான். பேசி முடித்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஆடுகளைப் பிடித்துக் கேட் பக்கம் கட்டச் சொன்னான். சொந்தக்காரர் வந்து மன்னிப்புக் கேட்டால்தான் விட வேண்டும், படம் எடுத்து அனுப்ப வேண்டும், மறுபடி நடந்தால் போலீஸ். கோபாலசாமி தன் ஆடுகளைத் தானே பிடித்து, வாசல் பக்கத்துக் கம்பியில் ஒவ்வொன்றாகக் கட்டினார். அவை கழுத்தை நீட்டிக் கொடுத்தன.

வெள்ளைத்தாய் வர வெகுநேரம் ஆகவில்லை. ஓடைப் பக்கம்தான் இருந்திருக்க வேண்டும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் தொரட்டியோடு, வெடித்த நிலத்தில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்து வந்தாள். தூரத்திலிருந்தே அவள் நடையைக் கண்டுகொண்ட கோபாலசாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் வாயைத் திறந்தால் வேலை போயிற்று. அவளிடம் முன்கூட்டி ஒரு சைகை காட்டவும் வழி இல்லை. சோலைராஜ் பக்கத்திலேயே நின்றான். ஒரு வாரமாக வீட்டில் இதே சண்டைதான். உள்ளே பச்சை கிடந்து வீணாகப் போகிறது, வெளியே ஆடு உடைமுள் மரத்து நெற்றுப் பொறுக்கித் தின்று வயிறு ஒட்டிக் கிடக்கிறது, ஒரு நாள் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டால் என்ன என்று அவள் கேட்பாள். கேமரா இருக்கிறது என்று அவர் சொல்வார். கேமரா கண்ணை மூடாது, நீங்களுமா மூட மாட்டீர்கள் என்பாள். 

அவள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். கட்டிக் கிடந்த ஆடுகளைப் பார்த்தாள். சிவப்புப் பெட்டையின் முதுகில் ரோமம் ஒதுங்கித் தெரிந்த தடிப்பைப் பார்த்தாள். அவருடைய கையிலிருந்த பிரம்பைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்துக்கு நேராகப் பார்த்துச் சொன்னாள்:

“அண்ணாச்சி, ஆட்ட அவுத்து விடுங்க. தெரியாம வந்துட்டு.”

கோபாலசாமியால் அவளைப் பார்க்க முடியவில்லை. கல்யாணமாகி இருபத்திமூன்று வருஷம். கோபத்தில் அவள் என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். ஊரார் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள். இந்த ஒரு சொல் இறங்கிய இடத்துக்கு அவையெல்லாம் வந்ததே இல்லை. ரோட்டுக் கடைக்காரரையும் பஸ் கண்டக்டரையும் கூப்பிடுகிற குரலில், அத்தனை இயல்பாக, அந்நிய ஆணிடம் பேசும்போது அவள் செய்வதுபோல முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள். அவருடைய வேலையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததால் வலி குறைந்துவிடவில்லை.

சோலைராஜ் அவளிடம் சத்தம் போடவில்லை. ஒயரில் கரண்ட் இருக்கிறது, ஆடு செத்தால் யார் பொறுப்பு, தன் வேலையும் போய்விடும் என்று சலிப்போடு சொன்னான். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் அவன், “வீட்டுக்காரர் என்னக்கா பண்றாரு? அவரை வரச் சொல்லுங்க” என்றான்.

“அவிய ஆடு மேய்க்கவியதான். இப்பம் மேய்க்கதில்ல.”

“வேற என்ன வேலை?”

“அத என்னன்னு சொல்ல” என்றாள் வெள்ளைத்தாய். “எனக்கே தெரியல தம்பி.”

அவன் போனில் அவளைப் படம் எடுத்தான். அவள் ஆடுகளுக்கு நடுவில் நின்று கேமராவைப் பார்த்தாள். கோபாலசாமி குனிந்து கயிறுகளை அவிழ்த்தார். தானே போட்ட முடிச்சுகள் விரலுக்கு வரவில்லை. கடைசிக் கயிற்றை அவள் தொரட்டியால் ஒரு நெம்பு நெம்பி எடுத்தாள். ஆடுகள் போகும்போது அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் பெட்டையின் முதுகில் மஞ்சளும் எண்ணெயும் காய்ச்சித் தடவிக்கொண்டிருந்தாள். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார். பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், பானு போன் பண்ணினாளா என்று கேட்டார். பண்ணினாள் என்றாள். அந்தப் பிள்ளைக்கும் ஒரே பேச்சுதான். எதற்கு இன்னும் அந்த ஆடுகள், விற்றுவிட்டு அம்மா புதியம்புத்தூர் தையல் கம்பெனிக்கு வேனில் போகலாமே, செல்வலட்சுமி அத்தையெல்லாம் போகிறார்களே என்று வாரம் ஒருதரம் சொல்லுவாள்.

“ஏட்டி, ஓடையிலகூடி ஆட்ட விட்டது நீதான?”

“நாந்தான்.”

“எம் பொழப்பு போயிருக்கும்லா.”

“போகல்லல்லா. அதுக்குத்தான அண்ணாச்சின்னு கூப்பிட்டேன்.” எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்தாள். “ஒண்ணு கேக்கேன். அந்தத் தம்பி நிக்காருன்னு வேசத்துக்கு ஒரு அடி அடிச்சியன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இது வேசத்துக்கு அடிச்ச அடி மாதிரி இல்லியே.”

அவள் சொன்னது சரி. முதல் அடி சோலைராஜுக்காக. இரண்டாவது அடி அவனுக்காக இல்லை. பிரம்பு இறங்கும்போது அவர் மனதில் இருந்தது அந்த வாயில்லாச் சீவன் இல்லை. அவள் இருந்தாள், தன் கஷ்டத்தைச் சொல்லிச் சொல்லியே நிலத்தைக் கொடுத்த வன்னியபெருமாள் இருந்தார், ஏஜென்சியில் கேள்வி கேட்டவன் இருந்தான், எட்டு மாதமாகப் புல்லைப் பார்த்துப் பார்த்து எரிந்த தன் கண்ணே இருந்தது. அத்தனை பேரையும் அடிக்க அகப்பட்டது ஒரு சினையாடு.

மறுநாள் ஓடையில் வேலிக்கு அடியில் இருந்த இடைவெளியைக் கல்லும் சிமெண்டும் வைத்து அடைத்தார்கள். சிமெண்டு குழைத்துக் கொடுத்தது கோபாலசாமி. மழைக்காலத்தில் தண்ணீர் போக வழியில்லாமல் மேல்காட்டில் தேங்கும் என்று சொல்லிப் பார்த்தார். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றான் சோலைராஜ். அதே வாக்கில், புல்லுக்கும் ஒரு வழி செய்யச் சொல்லிவிட்டார்கள், மருந்து அடிக்க ஆள் வருகிறது என்றான்.

கோபாலசாமிக்கு அன்று பூராவும் வேலை ஓடவில்லை. மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே ஆபீஸ் அறைக்குப் போய் நின்றார். மருந்து அடிக்க வேண்டாம். ஊரில் நாலைந்து பொம்பளைகள் வந்து கதிரறுவாளால் அறுத்துக்கொண்டு போவார்கள். காசு கேட்க மாட்டார்கள். ஆட்டுக்கும் ஆச்சு, கம்பெனிக்கும் செலவு மிச்சம் என்றார். இவ்வளவு நீளமாக அவர் சோலைராஜிடம் பேசியதே இல்லை. அவனும் நல்ல யோசனையாகத்தான் இருக்கிறது என்று அவர் முன்னாலேயே போன் போட்டான். அந்தப் பக்கம் பேசியது கேட்கவில்லை. அவன் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. வெளியாட்களை உள்ளே விடக் கூடாதாம். அறுவாள் ஒயரில் பட்டால் கேஸ் ஆகுமாம். மருந்து அடிக்க ஏற்கெனவே ஒருவருக்குக் காண்ட்ராக்ட் விட்டாயிற்றாம்.

“நான் கேட்டுட்டேண்ணே. கேட்கலைன்னு நினைக்காதீங்க” என்றான்.

அன்று வேலை முடிந்ததும் கோபாலசாமி கேட் ஓரத்தில் கைக்கு அகப்பட்ட கோரையை அரிந்து, சாக்கில் அடைத்து, வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சோலைராஜ் பார்த்தான், பார்க்காதவன் மாதிரி உள்ளே போய்விட்டான். வெள்ளைத்தாய் சாக்கைக் கவிழ்த்துப் புல்லைப் பிரித்துப் போட்டாள். பன்னிரண்டு ஆடுகளும் விழுந்தடித்துக்கொண்டு தின்றன. செம்பில் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, தரை வெறுமையாகிவிட்டது. ஆடுகள் நிமிர்ந்து அவரையே பார்த்தன. இதற்குக் கொண்டுவராமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

முகமூடி போட்ட ஆட்கள் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு வந்து, வரிசை வரிசையாக மருந்து அடித்துவிட்டுப் போனார்கள். பச்சை ஒரே நாளில் சாகவில்லை. முதலில் நுனி வெளுத்தது, பிறகு நடுத்தண்டு பழுத்தது, அப்புறம் பலகைகளுக்கு அடியில் நெடுக வைக்கோல் நிறத்தில் படுத்துவிட்டது. காற்று அடித்தால் இனிப்பும் கசப்புமாக ஒரு வாடை வந்தது. அந்த நாட்களில் கோபாலசாமி சோறு தின்னும்போதும் அந்த வாடையை உணர்ந்தார்.

வியாபாரியை வரச்சொல்லிப் பார்த்தார். அவன் வந்து ஒவ்வொரு ஆட்டின் முதுகெலும்பையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்புக்கு விலை கிடையாது அண்ணாச்சி என்று சிரித்தான். வெள்ளைத்தாய் வெளியே வரவே இல்லை. விற்க வேண்டுமென்றால் நீங்களே விற்றுக்கொள்ளுங்கள், நான் அங்கே வந்து நிற்க மாட்டேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். அவன் சொன்ன விலைக்கு கோபாலசாமி ஒத்துக்கொள்ளாததால், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த வெள்ளிக்கிழமை சிவப்புப் பெட்டை இரண்டு குட்டி போட்டது. ஒன்று நின்றது. ஒன்று பிழைக்கவில்லை. அடி பட்டதால்தானா, வயிற்றுக்கு இல்லாததால்தானா என்று யாரும் பேசவில்லை.

திங்கட்கிழமை வெள்ளைத்தாய் தையல் கம்பெனி வேனில் ஏறினாள். அவளுக்குத் தைக்கத் தெரியாது. தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூல் பிசிறுகளை வெட்டுகிற வேலை. முதல் நாள் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. சுவரோரமாக உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அங்கே எப்படி என்று கேட்டார். வெயில் இல்லை, ஃபேன் இருக்கிறது, ஒன்றுக்குப் போக எழுந்தால் மட்டும் முறைக்கிறார்கள் என்றாள். அவளுடைய சேலையெங்கும் வெள்ளைப் பிசிறு ஒட்டியிருந்தது. ஆட்டை யார் பார்ப்பது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்று முழுதும் அவை கட்டிப்போட்டபடியே கிடந்து கத்தியிருந்தன.

மறுநாள் அவர் சோலைராஜிடம் போய், தன்னை ராத்திரி டூட்டிக்கு மாற்றச் சொன்னார். ராத்திரிக்கு ஆள் கிடைக்காமல் அவன் திண்டாடிக்கொண்டிருந்தான். சந்தோஷமாக ஒத்துக்கொள்வான் என்று நினைத்தார். அவன் பேனாவை மூடி மேசைமேல் வைத்தான்.

“மாத்திக்கலாம்ணே. ஆனா நைட்டு டூட்டி பார்க்கிற ஆளு பகல்ல தூங்கணும். ஆடு மேய்க்கக் கூடாது.”

கோபாலசாமி தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். எப்போதிலிருந்து அவனுக்குத் தெரியும் என்று மனசு கணக்குப் போட்டது. அவன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அவருடைய பெயரை ராத்திரி டூட்டியில் போட்டான்.

இப்போதெல்லாம் காலையில் டூட்டி முடிந்து அவர் வீட்டுக்கு வரும்போது வேன் கிளம்பிப் போயிருக்கும். அடுப்பில் கஞ்சி மூடியிருக்கும். சில நாள் வழியில் வேன் எதிர்ப்படும். ஜன்னலோரம் அவள் தெரிவாள். நிறுத்திப் பேச முடியாது. கஞ்சியைக் குடித்துவிட்டு, காக்கிப் பேன்ட்டை மாற்றக்கூடப் பொறுமையில்லாமல் ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு கிளம்புவார். தூக்கத்தில் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாது. மேய ஒன்றும் இல்லை. ஓடைக்கரை உடைமரங்களில் நெற்று உதிர்ந்திருந்தால் உண்டு.

ஒருநாள் எட்டு மணிக்கே வெயில் சுட்டது. உடைநெற்றும் தீர்ந்துவிட்டிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வேறு மரம் இல்லை. ஆடுகள் தாமாகவே சோலார் காட்டின் மேற்கு வேலியை நோக்கிப் போயின. கிழக்கே நின்ற சூரியனில், கடைசி வரிசைப் பலகைகளின் நிழல் வேலியைத் தாண்டி வெளியே விழுந்து, கரிசலில் நீளமாக ஒரு பட்டை போட்டிருந்தது. ஆடுகள் அந்த நிழலில் வரிசையாகப் போய் நின்றுகொண்டன. சிவப்புப் பெட்டை குட்டியோடு படுத்தது. கோபாலசாமியும் வேலிக் கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். உள்ளே காய்ந்த புல் சலசலத்தது. எங்கோ தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. கண் சொருகியது.

காலில் வெயில் பட்டு விழித்தார். சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கி, வேலியின் அடிக்கு வந்துவிட்டிருந்தது. ஆடுகள் அதோடு கூடவே நகர்ந்து நகர்ந்து, வேலிக் கம்பியில் உடம்பை ஒட்டி நின்றன. நிழல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஆடாகத் தலையைக் கம்பிக்குள் நுழைத்துக்கொள்ள, முகம் மட்டும் நிழலிலும் உடம்பு வெயிலிலுமாக, வேலி நெடுக அவை அசையாமல் நின்றுகொண்டிருந்தன.